ஆறு நினைவூட்டல்கள்

டொரதி நட்ட மஞ்சள் பூவை வில்பிரட் கடைசியாகப் பார்த்தது பெப்ரவரி இருபத்தேழாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஆறு ஐந்துக்கு. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு போனைத் திறந்தான். வேலிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது பாத்தியில் பூ ஈரமாக நின்றது. ஈரமாக நின்றால் முதல் நாள் அவள் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றியிருந்தால் முதல் நாள் வரை நன்றாக இருக்கிறாள். அவன் தன் பக்கத்துப் பாத்தியில் இருந்த மஞ்சள் பூவுக்குத் தண்ணீர் ஊற்றினான். பார்த்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். பிறகு கம்பளை ஸ்டேஷன் பக்கத்து வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு, தான் கிளாக்கராக வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்துக் கந்தோருக்கு பஸ் ஏறினான்.

டொரதி அவன் மனைவி. கண்டியிலுள்ள ஒரு ஏஜன்சி மூலம் வளைகுடா நாடொன்றில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் இருபது மாதமாகியிருந்தது. பிள்ளையில்லாத வீடு, இரண்டே பேர். போகிற நேரத்தில் ஆளுக்கொரு போனில் ஒரு பூந்தோட்ட விளையாட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. இவர்களுக்கு அது பூ விளையாட்டு. சும்மா விளையாடினால் தன் தோட்டம் மட்டும்தான் தெரியும். காசு கட்டினால் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் வேலி திறக்கும். அவர் நடுவதை இவர் பார்க்கலாம். கம்பளை டவுனில் போன் கடை வைத்திருக்கும் பஹீம் நானாவின் கார்டில் அவன் இரண்டு பேருக்கும் காசு கட்டினான். ரசீதை அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டும் வைத்தான். எந்தக் காகிதத்தையும் ஃபைலில் போடாமல் வைத்தால் வில்பிரட்டுக்குத் தூக்கம் வராது.

அந்த விளையாட்டு வெறும் விளையாட்டாக இருந்தது ஒக்டோபர் மாதம் வரைக்கும்தான். ஒக்டோபரில் ஒரு நாள் டொரதி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நாளைக்கு என் போனை வாங்கிருவாங்க போலருக்குங்க. பக்கத்து வீட்ல வேலை செய்ற பிள்ளைகிட்டயும் வாங்கிட்டாங்க."

"எதுக்கு வாங்கணும்? ஏஜன்சிக்கு நான் எழுதுறேன்."

"நீங்க எழுதுவீங்க. எழுதி, அது போயி, அவன் படிச்சி... இப்ப நான் சொல்றத கேளுங்க. இந்த வீட்டுச் சின்னவகிட்ட பெரிய போன் மாதிரி டெப் ஒண்ணு இருக்கு. அவளுக்கு என் பூத்தோட்டம்னா ஆசை. அதுல என் தோட்டத்த தொறந்து வச்சிக்கிறேன். அதுல எழுத ஏலாது, பேச ஏலாது. பூ மட்டுந்தான் நடலாம். மஞ்சள்னா நல்லாருக்கேன்."

"சரி."

"செவப்புன்னா நீங்க சும்மா இருக்கக்கூடாது."

அவன், கந்தோரில் ஒரு கடிதம் வந்தால் கிடைத்தது என்று பதில் போடுகிறவன் அல்லவா, சொன்னான்: "செவப்ப பார்த்தா நானும் என் பக்கம் செவப்பு நடுவேன். பாத்துட்டேன், ஆள அனுப்புறேன்னு அர்த்தம்."

"மறந்துட்டு மஞ்சளுக்கே தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காதீங்க" என்று சிரித்தாள். அதுதான் அவள் குரலைக் கடைசியாகக் கேட்டது.

நாலு மாதம் மஞ்சள் பூ நின்றது. பெப்ரவரி இருபத்தெட்டாம் திகதி காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் பூவுமில்லை, பாத்தியுமில்லை. வெள்ளைப் பனி மூடியிருந்தது. பனிக்கு முன்னால் தொப்பி போட்ட முயல் ஒன்று மண்வெட்டியோடு நின்று கண்ணடித்தது. அதன் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் இரண்டு வரி: உங்கள் அயலவரின் தோட்டத்தைப் புதிய இடத்துக்கு மாற்றுகிறோம். விரைவில் சந்திப்போம்!

விரைவில் என்றால் எத்தனை நாள் என்று எங்கும் போட்டிருக்கவில்லை.

அன்று மாலையே அவன் கடிதம் எழுதினான். விளையாட்டுக் கம்பனிக்கென்று இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு, திகதி போட்டு, விடயம் போட்டு, கீழே கோடிட்டு: தோட்ட இலக்கம் இன்னதிலிருந்து அயலவர் தோட்டம் இன்னதைப் பார்க்க முடியாமை தொடர்பாக. காசு கட்டிய ரசீதின் இலக்கத்தையும் சேர்த்தான். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அவனுக்கே ஆச்சரியம். திறந்து பார்த்தால், உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், உங்கள் கோரிக்கை இலக்கம் இது, என்று ஒரு இயந்திரம் எழுதிய பதில். இலக்கம் கிடைத்ததே என்று அதையும் அச்செடுத்து ஃபைலில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த டொரதியின் தங்கச்சி ஷாமலா அந்தக் கடிதத்தைப் படித்தாள். அவளுக்கு டவுனில் ஒரு பார்மசியில் வேலை; வாய் கொஞ்சம் கூர்.

"என்னா அத்தான் இது? தோட்டத்துத் தொரைக்கு லீவு கேட்டு எழுதுன மாதிரி இருக்கு. அக்காவ பத்தி ஒரு வார்த்த இல்ல."

"குடும்ப விசயத்த எல்லாம் கம்பனிக் கடிதத்துல எழுதக் கூடாது, ஷாமலா. கேட்டது இன்னதுன்னு தெளிவா இருந்தா போதும்."

"அவனுக்கு இது பூ. உங்களுக்கு மட்டுந்தான் அக்கா. சொல்லாட்டி எப்பிடித் தெரியும் அவனுக்கு?"

"பதில் வரட்டும். வந்ததும் விளக்கமா எழுதலாம்."

பதில் வரவில்லை. பத்தாம் நாள், மார்ச் பத்தாம் திகதி திங்கட்கிழமை, அவன் முதலாம் நினைவூட்டலை அனுப்பினான்.

இது வில்பிரட்டின் பத்தொன்பது வருடப் பழக்கம். கந்தோரில் சேர்ந்த புதிதில் பெரிய கிளாக்கர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலையே இதுதான். ஓய்வுபெறும் தொழிலாளருக்குக் காசு தரும் சேமலாப நிதிக்கோ மாவட்டக் காரியாலயத்துக்கோ ஒரு கடிதம் போட்டால் அது ஒரு ஃபைலுக்குள் போய், அந்த ஃபைல் ஒரு அலுமாரிக்குள் போய்விடும். ஒரு வாரம் பொறுத்து நினைவூட்டல் போட வேண்டும். நினைவூட்டல் போனால் யாராவது ஒருவர் எழும்பிப்போய் அந்த ஃபைலை வெளியே எடுத்துத்தான் அதைக் கோர்க்க வேண்டும். எடுத்த ஃபைல் மேசைக்கு வந்துவிடும். மேசைக்கு வந்தால் வேலை நடக்கும். அவன் எழுதிய நினைவூட்டல்களால் எத்தனையோ பேருக்குச் சேமலாப நிதி வந்திருக்கிறது. செத்துப்போனவரின் பெயரில் கிடந்த காசு விதவையின் கைக்கு வந்திருக்கிறது. மூன்றாம் நினைவூட்டலைத் தாண்டி எதுவும் போனதில்லை.

நடுவில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கண்டிக்குப் போய் ஏஜன்சிக்காரனைப் பார்த்தான். அவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, கணினியில் டொரதியின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிரஸ்னயக் நே" என்றான். பிரச்சினை ஒன்றுமில்லை, வீட்டுக்காரர்கள் நல்ல மனிதர்கள்.

"அவ போன வாங்கி வச்சிருக்காங்களே சேர்."

"சில வீட்ல அப்படித்தான் அண்ணே. அவங்க கம்ப்ளேன் பண்ணினாங்களா? அவங்க கிட்டேருந்து ஏதாவது ஒண்ணு, வொய்ஸ், போட்டோ, ஏதாவது கொண்டு வாங்க. வீட்ட மாத்திக் குடுக்கச் சொல்றேன். ஒண்ணுமில்லாம நான் எப்படி அங்க பேசுறது?"

வில்பிரட் பூவைப் பற்றிச் சொன்னான். ஏஜன்சிக்காரன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"சரி, அந்த செவப்புப் பூ வந்தா அதையாவது கொண்டு வாங்க."

மார்ச் பதினேழு, இரண்டாம் நினைவூட்டல். இருபத்துநாலு, மூன்றாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்தில் அந்த இயந்திரப் பதில் வந்தது, ஒவ்வொரு முறையும் புது இலக்கத்தோடு. பழைய இலக்கங்களையும் வரிசையாக மேலே குறித்து அடுத்த கடிதத்தை எழுதினான். காலை ஆறு ஐந்துக்குப் போனைத் திறந்து, தன் பக்கத்து மஞ்சள் பூவுக்கு மட்டும் தவறாமல் தண்ணீர் ஊற்றினான். பனி அசையவில்லை. முயல் மட்டும் வாரத்துக்கு ஒரு தொப்பி மாற்றியது.

அந்தத் தொப்பியைப் பற்றித்தான் கம்பனி வாய் திறந்தது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் வாராவாரம் ஒரு படம் வரும்: இந்த வாரம் முயலுக்கு வைக்கோல் தொப்பி! இந்த வாரம் மழைத் தொப்பி! அதற்குக் கீழே உலகம் முழுதும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் திட்டியிருந்தார்கள். காசு கட்டி வாங்கினோம், எங்கள் தோட்டம் எங்கே, ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரு திகதியாவது சொல்லுங்கள். ஒரு பெண் மூன்று வருடமாக வளர்த்த மல்லிகைப் பந்தலைக் கேட்டு அழுதிருந்தாள். யாருக்கும் பதில் இல்லை.

பஹீம் நானாவின் கடையில் அச்செடுக்கப் போனபோது அவரும் அதைப் பார்த்தார்.

"என்ன மனுசனுகள் அண்ணே இவனுகள்! என்ட கடையில வாங்கின சார்ஜர் பழுதெண்டு கொண்டு வந்தா, நான் மொகத்தப் பாத்து ஏலாதெண்டாவது சொல்லுவேன். வந்தவர் ஏசிப் போட்டுப் போவார். அது ஒரு பதில் தானே? இவனுகள் கதவத் தொறந்து வெச்சிட்டு, உள்ள ஆளில்லாம தொப்பி தைக்கிறானுகள்."

"பதில் வரும் நானா. நாலாவது போடப் போறேன்."

"போடுங்க, போடுங்க. ஒங்கட கையெழுத்துக்காவது பயப்புடுவானுகள்" என்றார் பஹீம் நானா. அச்செடுத்த கூலியை வாங்க மறுத்துவிட்டார்.

மார்ச் முப்பத்தொன்று, நாலாம் நினைவூட்டல். ஏப்ரல் ஏழு, ஐந்தாம். ஏப்ரல் பதினாலு புத்தாண்டு; ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருக்க, வில்பிரட் கதவைச் சாத்திக்கொண்டு ஆறாம் நினைவூட்டலை எழுதினான். ஷாமலா சொன்னது மனதில் அரித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பந்தியில் முதன்முதலாக உள்ளதை எழுதினான். அந்தத் தோட்டத்தில் பூ நடுவது என் மனைவி. அவளுடைய நலம் அறிய எனக்கு வேறு வழி கிடையாது. முழுத் தோட்டத்தையும் தராவிட்டாலும் பரவாயில்லை, அங்கே இருக்கும் பூவின் நிறம் என்ன என்று மட்டும் தயவுசெய்து அறியத் தரவும்.

உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் பிறகு ஷாமலா அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் போனை நீட்டினாள். முகம் சரியில்லை.

"அத்தான், இதைப் படிங்க. ராத்திரி பூரா அந்தத் திட்டுகளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

யாரோ ஒருவர் எழுதியிருந்தார். மறுபடி மறுபடி எழுதாதீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பழையதை மூடிவிட்டு, உங்களை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இதை அவர்கள் எங்கும் சொல்வதில்லை. என் நண்பர் எட்டுத் தரம் எழுதிவிட்டு இன்னும் காத்திருக்கிறார். நான் ஒரே தரம் எழுதினேன், முப்பதாம் நாள் திறந்துவிட்டார்கள்.

வில்பிரட் இரண்டு முறை படித்தான். ஈரக் கையைத் துடைக்கவில்லை. பெப்ரவரி இருபத்தெட்டிலிருந்து முப்பது நாள். மார்ச் முப்பது.

"ஒரே கடிதத்தோட வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா..." என்றான்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவனுக சொல்லலியே."

"அலுமாரியிலேருந்து எடுக்கத்தானே எழுதுனேன். ஒவ்வொரு தடவையும் நானே உள்ள வச்சிப் பூட்டியிருக்கேன்."

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் ஷாமலா. சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, பிறகு சொன்னாள். "அந்தப் பக்கம் பனி தெரியாதாம். அவங்களுக்கு நம்ம தோட்டம், கடைசி நாள் எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே நிக்குமாம். வாடாதாம், மாறாதாம். நிறையப் பேர் எழுதியிருக்காங்க."

கடைசி நாள் அவன் பக்கத்தில் மஞ்சள் பூ நின்றது. பார்த்துவிட்டேன், எல்லாம் சரி, என்று அது நின்றுகொண்டேயிருக்கிறது.

அதன் பிறகு எழுதக் கூடாது. வில்பிரட்டின் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை இருந்ததில்லை. திங்கட்கிழமை வரும்; விரல்கள் மேசையில் தாளம் போடும்; எழும்பிப்போய்க் கிணற்றடியில் நின்றுவிட்டு வருவான். கந்தோரில் யாருடையதோ சேமலாப நிதிக்கு நினைவூட்டல் எழுத வேண்டியிருந்தது. பேனையைத் திறந்தான், மூடினான், பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டான். ஏஜன்சிக்குப் போன் எடுத்தால் ஒரு பெண் எடுத்து, சேர் வெளியே போயிருக்கிறார் என்பாள்.

மே மாதம் பதினாலாம் திகதி, புதன்கிழமை. ஆறாம் நினைவூட்டலிலிருந்து சரியாக முப்பதாம் நாள். காலை ஆறு ஐந்துக்குத் திறந்தபோது முயல் இல்லை. ஒரு பெட்டி வந்து நின்றது: பொறுமைக்கு நன்றி! உங்களுக்கு முந்நூறு பொற்காசும் ஒரு வைக்கோல் தொப்பியும் பரிசு. அவன் பெட்டியை மூடினான்.

பனி விலகியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மூன்றாவது பாத்தியில் மஞ்சள் பூ இல்லை. மூன்றாவதில் மட்டுமல்ல, எந்தப் பாத்தியிலும் இல்லை. பன்னிரண்டு பாத்தியிலும் காய்ந்த தண்டுகள் நின்றன. பாத்தி போதாமல் பாதை ஓரத்தில் தொட்டி வைத்து, கிணற்றைச் சுற்றித் தொட்டி வைத்து, வேலியோடு ஒட்டி, அவன் பக்கம் எட்டிப் பார்க்கிற மாதிரி வரிசையாகத் தொட்டி வைத்து நட்டிருந்தாள். காய்ந்த செடியைத் தொட்டால் அது என்ன பூ, எப்போது நட்டது, எப்போது கடைசியாகத் தண்ணீர் கண்டது என்று காட்டும். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டான். சிவப்பு. மார்ச் எட்டு. சிவப்பு. மார்ச் ஒன்பது. சிவப்பு. மார்ச் ஒன்பது. வேலியோரத்தில் இருந்தவை மார்ச் கடைசியில் நட்டவை. எல்லாவற்றுக்கும் கடைசித் தண்ணீர் ஏப்ரல் பதினொன்று.

முப்பத்தைந்து நாள் அவள் சிவப்புப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். முப்பத்தைந்து நாளும் வேலிக்கு இந்தப் பக்கம் மஞ்சளைப் பார்த்திருக்கிறாள்.

வில்பிரட் ஒவ்வொரு செடியாகத் தொட்டு, திகதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்தான். மொத்தம் முப்பத்தொரு படம். பஹீம் நானா கடையைத் திறக்கும் வரை வாசலில் நின்றான். படங்கள் ஒவ்வொன்றாக அச்சாகி வர, பஹீம் நானா கேட்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். காகிதங்களை அவரே அடுக்கி ஒரு உறையில் போட்டார்.

"அல்லா காவல் அண்ணே. போங்க. ஓடிப் போங்க."

கண்டியில் வெசாக் பண்டிகைக்குக் கட்டிய காகித விளக்குக் கூடுகள் இன்னும் இறக்கப்படாமல் தெருவெங்கும் தொங்கின. முதல் நாள் மழையில் காகிதம் கிழிந்து சில எலும்பாக ஆடின. ஏஜன்சிக்காரன் உறையைப் பிரித்துப் பார்த்தான். இந்த முறை உதட்டைக் கடிக்கவில்லை. எழும்பி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினான். சிங்களத்தில் கொஞ்சம், அரபியில் கொஞ்சம். கால் மணி நேரம். வந்து உட்கார்ந்தவன் படங்களைச் சரியாக அடுக்கினான். ஏற்கனவே அடுக்கித்தான் இருந்தது.

"வீட்ட விட்டுப் போயிட்டாங்களாம் அண்ணே."

"யாரு?"

"உங்க மிஸிஸ். ஏப்ரல் பன்னெண்டு. ஓடிப்போன கேஸ்னு அவங்க அங்க பொலிஸ்ல போட்டிருக்காங்க."

"எங்க போனா?"

"அது அவங்களுக்குத் தெரியாதாம்."

"ஒரு மாசம் ஆச்சி. நீங்க எனக்குச் சொல்லலியே."

"எங்களுக்கே இப்பத்தானே சொல்றாங்க." அவன் மேலே இருந்த படத்தைத் தட்டினான். "இத ஏன் அண்ணே அப்பவே கொண்டு வரல்ல? மார்ச் மாசம் கொண்டு வந்திருந்தா நான் வீட்ட மாத்திக் குடுத்திருப்பேனே."

வில்பிரட் அவனைப் பார்த்தான். சொல்ல வேண்டியதெல்லாம் கையோடு கொண்டுவந்த ஃபைலில் இருந்தது, திகதி வாரியாக. ஃபைலைத் திறக்கவில்லை. முறைப்பாடு எழுத ஒரு படிவம் கொடுத்தான் ஏஜன்சிக்காரன். வில்பிரட் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினான். இறுதியாகத் தொடர்புகொண்ட திகதி என்ற கட்டத்தில் நெடுநேரம் பேனை நின்றது. அவளுடைய திகதியா, தன்னுடைய திகதியா? ஏப்ரல் பதினொன்று என்று எழுதினான்.

"பதில் எப்ப வரும்?"

"நாங்களே போன் பண்றோம் அண்ணே."

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ் நிரம்பக் காத்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஷாமலாவுக்குப் போன் எடுத்தான். அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். சொன்னான். அந்தப் பக்கம் பார்மசியில் யாரோ மருந்து கேட்க, அவள் பொறுக்கச் சொன்னாள்.

"சின்னவளோட டெப் அந்த வீட்லதானே அத்தான் இருக்கும்?" என்றாள். "இனிமே பூ நட்டாலும் அக்காவுக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது."

போனை வைத்துவிட்டுப் பூ விளையாட்டைத் திறந்தான். தன் பக்கத்து மஞ்சள் பூவைப் பிடுங்கினான். பரிசாக வந்த முந்நூறு பொற்காசுக்கும் சிவப்பு விதை வாங்கினான். பஸ் கிளம்பி, பேராதனைப் பாலம் தாண்டும் வரை பாத்தி பாத்தியாக நட்டான். வேலியோரத்தில், அவள் தொட்டிகளுக்கு நேர் எதிரே, ஒன்றுக்கு ஒன்றாக வைத்தான். பாத்துட்டேன், ஆள அனுப்புறேன் என்று அர்த்தம்.

கடைசி விதையை நட்டதும் முயல் வந்தது. வைக்கோல் தொப்பி. உங்கள் அயலவர் முப்பத்துமூன்று நாட்களாகத் தோட்டத்துக்கு வரவில்லை. அவருக்கு நினைவூட்டல் அனுப்பட்டுமா?

கீழே இரண்டு பொத்தான். ஆம். பிறகு.

பக்கத்து ஆசனத்தில் இருந்த கிழவர் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வில்பிரட் தோளை அசைக்காமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கெலிஓயாவில் பஸ் நின்று ஆட்கள் இறங்கி ஏறினார்கள். திரை மங்கியது, விரலால் தொட்டு எழுப்பினான். மறுபடி மங்கியது, மறுபடி தொட்டான். கம்பளை வந்து கண்டக்டர் கத்தி இறக்கிவிடும் வரைக்கும் அவன் இரண்டில் எதையும் அழுத்தவில்லை.